மூடிய வால்வு, சுடும் தரை

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஜேச்சோன் நகரின் தரைச்சூடு நிபுணரும், 'வயரில்லாக் கட்டுப்பாட்டின் தந்தை' என்று தன் விசிட்டிங் கார்டில் தானே அச்சடித்துக்கொண்டவருமான தக் சோங்-மன், அதாவது நான், போன ஜனவரியில் ஒரு வீட்டிலிருந்து ஷூவை விட்டுவிட்டு வெறும் சாக்ஸோடு பனியில் ஓடினேன். தெருவே பார்த்தது. இது கதையில்லை. நடந்தது.

அந்த வீட்டுக்கார யோம் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பழைய ஓட்டு வீடு. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய். ஒரே பாய்லர். போட்டால் எல்லா அறையும் சுடும், அணைத்தால் எல்லா அறையும் உறையும். நான் அறைக்கு ஒரு வால்வு மாட்டுவேன், சுவரில் அறையின் சூட்டை அளக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வைப்பேன், இரண்டும் வயரில்லாமலே பேசிக்கொள்ளும். ஆளில்லாத அறையை மூடிவிடலாம். இதைப் பற்றி அந்தத் தெரு முதியோர் மன்றத்தில் டை கட்டிக்கொண்டு, 'தரைக்கும் வந்தது ஜனநாயகம்' என்ற தலைப்பில் உரையாற்றியிருக்கிறேன். பாதிப் பேர் தூங்கினார்கள். தரையின் கதகதப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை நடக்கும்போது அவர் மகள் உன்-சில் என்னை பாய்லர் பக்கம் ஓரங்கட்டினாள்.

"முதலாளி, அந்தக் கடைசி ரூமை மூடிடுங்க. எங்க அண்ணன் ரூம்."

"அவர் எங்க?"

"மலையேறப் போனவன். ஒன்பது வருஷமாச்சு. உடம்புகூடக் கிடைக்கல. அம்மா தினமும் கிண்ணத்துல சோறு போட்டு மூடி, அங்க தரை நல்லாச் சுடுற இடத்துல போர்வைக்கு அடியில வைக்கிறாங்க. வரும்போது ஆறியிருக்கக் கூடாதாம். தரை ஜில்லுன்னு ஆயிட்டா விட்டுடுவாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நிபுணர் சொன்னா கேப்பாங்க."

நிபுணர் என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன்.

யோம் அம்மா சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"அம்மா, அந்தக் கடைசி ரூம் குழாய் உள்ளயே மக்கிப்போச்சு. இனிமே அங்க சூடு வராது."

"காலையிலகூடச் சுட்டுச்சே, முதலாளி?"

"அது மிச்சச் சூடு."

"ரூம் முழுக்க வேணாம். சோறு வைக்கிற இடம் மட்டும்... கொஞ்சமாவது?"

"அறிவியல் ஒத்துக்காதும்மா."

அவர் தலையாட்டினார். உரித்த கொட்டையை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை வாங்கித் தின்றேன். வெட்கங்கெட்டவன்.

போய் வால்வை மூடினேன். எந்தக் கற்றுக்குட்டியும் மூடுவதற்கு முன் குழாயைத் தொட்டுப் பார்ப்பான், வெந்நீர் ஓடுகிறதா என்று. கட்டுப்பாட்டின் தந்தையல்லவா, நான் தொடவில்லை.

மாலை நாலே கால். வெளியே பனி. அம்மாவும் மகளும் சமையலறையில். நான் நடுக்கூடத்துக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒவ்வொரு அறையின் சூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற அறைகளில் இருபத்தொன்று டிகிரி. மூடிய அறையில் இருபத்தைந்து.

க்ளிக்.

இருபத்தெட்டு.

இரண்டு தெர்மோஸ்டாட்களை மாற்றி இணைத்துவிட்டேன் போலிருக்கிறது... சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று அந்த அறைக்குள் போனேன்.

என் மூச்சு புகையாக வந்தது. அவ்வளவு குளிர். சுவரில் எண் மட்டும் முப்பத்தொன்று.

மண்டியிட்டுத் தரையில் உள்ளங்கை வைத்தேன். ஜில். இன்னும் தள்ளி வைத்தேன். ஜில். போர்வைக்குப் பக்கத்தில்... சுட்டது.

ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். குழாய்ச் சூடு வரிவரியாக வரும். இது வரியாக இல்லை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு.

கையை எடுக்கவில்லை. கைக்கடியில் சூடு நழுவியது.

தேடினேன்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது இரண்டாக. சிறியதாக. பாதங்கள் அளவுக்கு. என்னைப் பார்த்து நிற்பது போல...

போர்வைக்கடியில் கிண்ணத்தின் மூடி.

டங்.

"அம்மா!"

யோம் அம்மாவை அல்ல. என் அம்மாவைக் கூப்பிட்டேன்.

வாசலில் ஷூவைத் தாண்டி ஓடினேன். என் உரையைக் கேட்டு உட்கார்ந்திருந்த அதே பெண்கள் தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன முதலாளி, ஜனநாயகம் ரொம்பச் சுடுதா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

யோம் அம்மாவே என் ஷூவை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து என் காலடியில் வைத்தார்.

"ரூம் சூடாத்தான் இருக்கு, முதலாளி. உங்க அறிவியலைக் கோவிச்சுக்காதீங்க."

நான் நிமிரவில்லை. லேஸ் கட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த வாரம், யோம் அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, உன்-சில்லிடம் சொல்லிவிட்டுப் போனேன். வால்வைத் திறந்து வைத்துவிட்டு அந்தக் குழாயைத் தொட்டேன். பிணம் மாதிரி ஜில்லென்று இருந்தது. பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் குழாய் அறுக்கப்பட்டிருந்தது. முனையில் அடைப்பு. அடைப்பில் துரு. நான் சொன்ன பொய் உண்மையாகத்தான் இருந்தது.

உன்-சில் தன் சித்தப்பாவிடம் விசாரித்துவிட்டு போன் செய்தாள்.

"அந்த ரூம்ல குழாய் வெடிச்சிருக்கு. அப்பா ஆளை வச்சு அறுத்து அடைச்சுட்டு, அம்மாகிட்ட சரி பண்ணியாச்சுன்னு சொல்லிட்டாராம். அண்ணன் காணாமப் போன அதே குளிர்காலம், முதலாளி. மலைக்குப் போற அன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லிக்கிட்டே இருந்தானாம்... ரூம் குளிருது, ரூம் குளிருதுன்னு."

ஆக, ஒன்பது வருஷமாக அந்தத் தரைக்கடியில் ஒரு சொட்டு வெந்நீர் ஓடியதில்லை.

யோம் அம்மா இன்றும் அங்கேதான் சோறு வைக்கிறார். தரை இன்றும் சுடுகிறது. மற்ற அறைகளை அளவாகப் போடுவதால் எரிவாயு பில் குறைந்திருக்கிறது. மூடிய அறைகூடச் சுடுகிற அமைப்பு என்று தெருவெல்லாம் பேச்சு. நான் மறுக்கவில்லை. அதே தெருவில் இன்னும் நாலு வீட்டுக்கு மாட்டிக் கொடுத்தேன்.