எட்டுத் திருத்தங்கள்

வார்டில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். அவள் தலைமை நர்ஸ். நாலு வருஷம் வெளிநாட்டில் தங்கி முனைவர் பட்டத்துக்குப் படித்தவள் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பட்டம் கைக்கு வரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் வருமே, அந்தப் புண்ணைப் பற்றித்தான் ஆராய்ச்சி. எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தால் புண் வராது என்று நூற்றுப்பத்து நோயாளிகளைப் பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்தாள். மூன்று வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனவள், ஃபோனில் குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அப்படிப் படித்த படிப்பு.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், போட்ட கணக்கையே சரியாகப் பார்க்கவில்லையே என்று எல்லோர் முன்னாலும் குடைந்து எடுத்துவிட்டார். எட்டுத் திருத்தங்கள், ஆறு மாத அவகாசம், செய்து கொடுத்தால் பட்டம். தேறிவிட்டாள் என்று கூடப் படித்தவர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். அவளுக்கோ மூஞ்சியில் அறைந்தாற்போல இருந்தது. வீடு திரும்பி, திருத்தங்கள் எழுதியிருந்த கடிதத்தைப் பழைய பெட்டிக்குள் போட்டு மூடினாள். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே ஆறு மாதம் ஓடிப்போனது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய நெறியாளர் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினார். அவள் திறக்கவே இல்லை.

கணவரிடம், "யுனிவர்சிட்டிலதான் இழுத்தடிக்கிறாங்க" என்று சொல்லிவைத்தாள். அவர் அதை அப்படியே நம்பினார். சொந்தக்காரர்கள் யாராவது "படிப்பு பாதியில நின்னுபோச்சாமே?" என்று வாயைக் கிளறினால் எரிந்து விழுவார்.

ஒன்பது வருஷம் கழித்து, வீடு மாற்றச் சாமான் கட்டும்போது, கடிதம் மகள் கையில் சிக்கியது.

"அம்மா, இதுல பெரிசா ஒண்ணுமே இல்லையே. ரெண்டு அட்டவணையைத் திருத்தணும், மிச்சமெல்லாம் சின்னச் சின்னப் பிழை."

"கொடு இங்க."

"கடைசி வரியைப் பாரு. ஆஸ்பத்திரிகளுக்கு ரொம்ப உதவுற ஆராய்ச்சின்னு அந்தத் தேர்வாளரே எழுதியிருக்காரு."

அந்த வரியை அவள் அன்றைக்கும் படித்தவள்தான். குத்திய வரிகள் மட்டும் நெஞ்சில் நின்றன, இது நிற்கவில்லை.

மனசு கேட்காமல் நெறியாளருக்கு எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது, இனி வேண்டுமென்றால் முதலிலிருந்து சேர வேண்டும். 'இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தால் போதுமே அம்மா. உனக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோயிருந்தேன்.'

அன்று மதியம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"உனக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன் தெரியுமா? என் தங்கச்சி வீட்டுப் படி ஏறியே மூணு வருஷமாச்சு."

"தெரியுங்க."

"தோத்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

"தோக்கலைங்க. கைக்கு வந்ததை நானே விட்டுட்டேன். அதான் சொல்ல முடியல."

அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க இருவரும் ஆளுக்கொரு அறையில் சாமான் கட்டினார்கள்.