தம்பிக்கு வாங்கப்போன நூடில்ஸ்

என் தம்பியின் எட்டுச் செலவு ஒரு சனிக்கிழமை வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை. லண்டனில் எட்டாம் நாள் எப்போது விழுந்தாலும் சனிக்கிழமைதான் செய்வோம், மற்ற நாட்களில் எல்லோருக்கும் ஷிப்ட். செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டையெல்லாம் அவர் படத்துக்கு முன்னால் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அதுவரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை.

மனைவி விடியவே எழும்பி நண்டுக்குழம்பு வைத்தாள், கணவாய் பொரித்தாள். அவன் குடிக்கிற போத்தலைக்கூட மறக்கவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

"வேறை என்ன விருப்பம் அவனுக்கு? நீங்கள்தானே கூடப்பிறந்தனீங்கள்."

எனக்குத் தெரியும். அப்டன் பார்க்கில் சனிக்கிழமைகளில் ஒரு சீனப் பெண் நூடில்ஸ் கடை போடுவாள். மாவைக் கண்ணுக்கு முன்னாலேயே இழுத்து, மேசையில் ஓங்கி அடித்து, கொதிக்கிற பானையில் போட்டுத் தருவாள். வரிசை தெருமுனை வரை நிற்கும். தம்பி ஜெர்மனியிலிருந்து வந்து மனோர் பார்க்கில் எங்களோடு இருந்த மூன்று வருடமும் அங்கே போனான். போகும்போதெல்லாம் என்னையும் கூப்பிட்டான்.

"ஒருக்கா வாங்கோவன் அண்ணை. பிறகு நீங்களே என்னைக் கூப்பிடுவியள்."

நான் போகவில்லை. வீட்டில் சோறு கிடக்கும்போது வெளியே சாப்பிடுவது எனக்கு ஏதோ பாவம் செய்வது மாதிரி. எங்கள் ஆட்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு, கடற்கரைக்குப் போனாலும் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் போவோம். மாவை இழுத்துச் சுடுதண்ணீரில் போடுவதற்கு ஒரு வரிசையா என்று அவனைக் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே தனியாகப் போவான், தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவான். கலியாணம் கட்டாதவன். பக்கத்தில் நின்று சாப்பிட அவனுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. என் மரமண்டைக்கு அது உறைக்கவேயில்லை. ஒருநாள் காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உடல் எங்கள் கைக்கு வரவே இரண்டு கிழமை ஆனது. எரித்த நாளிலிருந்துதான் எட்டு நாளை எண்ணினோம்.

ஒரு வெறும் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். நெடுநேரம் நின்று என் முறை வந்தது. அந்தப் பெண் டப்பாவைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டாள். கையால் இழுத்த நூடில்ஸ் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக் கட்டியாகிவிடும், யாருக்கும் கட்டிக் கொடுப்பதில்லை, இங்கேயே சாப்பிடு என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் எங்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டால் இவளுக்கென்ன? இது செத்துப்போன என் தம்பிக்கு என்று என் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்குள் அவள் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

ஓரமாகப் போய் எல்லாவற்றையும் டப்பாவில் கவிழ்த்துவிடுவோம் என்பதுதான் யோசனை. படைக்கிற சாப்பாட்டை ருசி பார்க்கக் கூடாது. மனைவி நண்டுக்குழம்புக்கு உப்புக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று வருடமாக எதற்குக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு வாய் என்று எடுத்தேன்.

விரல் அகலத்தில் வழவழவென்று இருந்தது. கடித்தால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்றது. ஆட்டிறைச்சி, சீரகம், கருக வறுத்த மிளகாயெண்ணெய். இரண்டாம் வாய் எடுத்தேன். தம்பி போன நாளிலிருந்து எதைத் தின்றாலும் மண் மாதிரித்தான் இருந்தது. இது ருசித்தது. மூக்கு ஒழுக ஒழுக, நின்ற நிலையில் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டேன். கிண்ணத்தைத் தூக்கி அடிச்சாற்றையும் குடித்தேன். கீழே வைத்த பிறகுதான் தம்பியின் ஞாபகம் வந்தது. சாப்பிட்ட அவ்வளவு நேரமும் அவன் என் மனதிலேயே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வேகிறது.

திரும்பிப் பார்த்தேன். வரிசை இன்னும் நீண்டிருந்தது. வீட்டில் படைக்கிற நேரம் நெருங்கிவிட்டது. மறுபடி நின்றாலும் அவள் டப்பாவில் போட்டுத் தரப்போவதில்லை.

வாசலில் மனைவி என் கையைப் பார்த்தாள். கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

"கடை பூட்டு," என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டாள்.

"வெறுவயித்தோடை அலைஞ்சுபோட்டு வந்திருக்கிறியள். இருங்கோ, இப்ப படைச்சிடுவம்."

நண்டு, கணவாய், போத்தல் எல்லாம் படத்துக்கு முன்னால் வந்தன. இலையில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் நடைபாதையில் நின்றோம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத சனம். நான் மட்டும் தம்பியின் சாப்பாட்டால் வயிறு நிறைந்து, ஏப்பம் வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நான் அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிவிட்டார்கள்.