கணக்கில் வராத ஆடிக் கல்யாணம்

ஐம்பதை நெருங்குகிற வயதில், கல்யாணத்துக்கும் காலாவதித் தேதி உண்டு என்று நான் நம்பினேன். என் மனைவி வேறு நாட்டுக்காரி. அவள் நாட்டுத் தூதரகத்தில் எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யாவிட்டால் அது தானாகவே செத்துப்போகும், அவளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், நான் மறுபடியும் பெண் கிடைக்காத பையன்கள் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்று மனதார நம்பிக்கொண்டு, சில வாரங்கள் திருப்பூர்த் தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள்தான் பாவம்.

இந்த மடத்தனம் தொழிலில் இருந்து வந்தது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறவன் நான். சரக்கு கப்பலேறினால் மட்டும் போதாது. காகிதங்கள் கெடுவுக்குள் வங்கிக்குப் போக வேண்டும், ஒரு தாளில் இருக்கிற தேதி இன்னொரு தாளோடு ஒத்துப்போக வேண்டும். பிசகினால் அங்கே வங்கி கையை விரித்துவிடும், சரக்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் நாதியற்றுக் கிடக்கும். இதையே பார்த்துப் பார்த்து எனக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது. என் பயத்தை மனைவியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“என்னைய கன்டெய்னர்னு நெனச்சீங்களாங்க?”

அவள் தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பனியன் கம்பெனித் தளங்களில் கற்றுக்கொண்ட தமிழ். ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. தெருநாயைக்கூட “போங்க, போயிருங்க” என்றுதான் விரட்டுவாள். என்னைத் திட்டும்போதும் மரியாதை குறையாது. எந்த நாடு என்று எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. கடல் தாண்டிய நாடு, மூன்று வேளையும் சோறு தின்கிற நாடு என்பது வரைக்கும் அனுமதி. வெளிநாட்டு பையிங் ஆபீஸ் ஒன்றின் தர ஆய்வாளராக எங்கள் ஊருக்கு வந்தவள். முதல் சந்திப்பிலேயே எங்கள் கம்பெனியின் குழந்தைச் சட்டைகளை மொத்தமாக ரிஜெக்ட் செய்தாள். என்னை ஏன் பாஸ் செய்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

எங்களுக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது. வில்லங்கம் அங்கேதான்.

அவளுடைய ஆபீஸ் திருப்பூர்க் கிளையை மூடப் போகிறது, அதோடு அவள் வேலை விசாவும் முடியும் என்று தெரிந்ததும் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அவர்கள் கொடுத்த தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எனக்குக் கவலை இல்லை. ஆடித் தள்ளுபடியில் வேட்டி வாங்குகிறோம், ஒரு பெண்டாட்டியும் கிடைத்தால் என்ன என்று என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணனுக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் பேச்சு, அவர்தான் முடிவு. அவர் ஒரு வழி சொன்னார். “அது பேப்பர் வேலைடா. அதைப் பண்ணிக்கோ, நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன். கல்யாணம் ஆவணியில, முருகன் சன்னதியில. அதுதான் கல்யாணம். ஆடியில நடந்ததை ஊருல ஒருத்தருக்கும் மூச்சு விடாதே.”

அப்படியே செய்தார். ஆடியில் வந்து கையெழுத்துப் போட்டார். அதே கையோடு இன்னொன்றும் செய்தார். ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து வைப்பது வழக்கம், பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். என் மனைவியின் தாய்வீடு கடலுக்கு அப்பால். ஆகவே அவளை, அவிநாசி ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் மாடியில் அவள் ஏற்கெனவே தங்கியிருந்த வாடகை அறையிலேயே விட்டுவைத்தார். அதற்கு நானும் தலையாட்டினேன். காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சட்டப்படி என் பெண்டாட்டி. அவளுக்கு ரசம் சோறு கொண்டுபோக நான் தூக்குப் போசியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, மாடிப்படியில் திருடன் மாதிரி ஏறினேன். கீழே வேலை செய்த வடநாட்டுப் பையன்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். எவன் வீட்டுப் பெண்டாட்டியையோ பார்க்க வருகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஆவணியில் அண்ணன் பத்திரிகை அடித்தார், பந்தல் போட்டார், ஊரைக் கூட்டினார். தாலி கட்டினேன். எல்லாம் சுபம்.

அடுத்த வருஷம் அவள் பாஸ்போர்ட் முடியப் போனது. புதுப்பிக்க மனுப் போட்டால், சென்னையில் இருக்கிற அவள் நாட்டுத் துணைத் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், முதலில் அதை எங்களிடம் பதிவு செய்யுங்கள், பிறகு பாஸ்போர்ட். புதுப் பாஸ்போர்ட் இல்லாமல், கல்யாணச் சான்றிதழைக் காட்டி இங்கே வாங்கியிருந்த விசாவை நீட்டிக்க முடியாது. விசா முடிந்தால் அவள் நாட்டைவிட்டுப் போயாக வேண்டும். இதுதான் விஷயம். இதுவே பயப்படப் போதுமானது. நான் அதோடு நிற்காமல் கல்யாணமே ரத்து என்று கற்பனையில் போய்விட்டேன்.

தூதரகம் கேட்டது கல்யாணச் சான்றிதழ், இருவரின் அடையாளம், ஒரு போட்டோ. அவ்வளவே. கேட்காத தாளை ஃபைலில் வைக்காதே, அதில்தான் வங்கிக்காரன் ஓட்டை கண்டுபிடிப்பான் என்று என் கீழே வேலை செய்கிறவர்களிடம் நான் தினமும் கத்துவேன். அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆவணிப் பத்திரிகையை வைத்தேன். ஆல்பத்தை வைத்தேன். பந்தியில் சித்தப்பா பாயசம் குடிக்கிற போட்டோ உட்பட.

“அவங்க கேக்கலீங்களே,” என்றாள் மனைவி.

“இருக்கட்டும். பலமா இருக்கும்.”

“எதுக்குங்க பலம்? சித்தப்பா பாயசம் குடிச்சாருன்னு எங்க நாட்டுக்கு எதுக்குங்க தெரியணும்?”

அண்ணனும் கூட வருவேன் என்று கிளம்பிவிட்டார். சாட்சி போட்டவர் ஒருவர் வந்தால் நல்லது என்று தூதரகத்தில் சொல்லியிருந்தார்கள். காலை ரயிலில் ஏறி, ஊத்துக்குளி தாண்டுவதற்குள் ஆரம்பித்தார்.

“அங்க போயி ஆடின்னு ஏதும் பேசிராதே. ஆவணித் தேதியக் குடு.”

“அண்ணா, சர்டிபிகேட்ல ஆடித் தேதிதான இருக்குது?”

“இருந்தா என்ன? எடுத்துச் சொன்னா மாத்திக்குவாங்க. நாளைக்கு ஒரு கொழந்த குட்டின்னு ஆனா, அப்பன் ஆத்தா ஆடியில கட்டுனதுன்னு கெவர்மெண்டு பதிவுல கெடக்கோணுமா?”

“எனக்கு வயசு என்னன்னு தெரியுமில்ல? கொழந்தையாம் குட்டியாம்.”

“அதுக்குத்தான்டா சொல்றேன். ஆவணின்னு போட்டாலாவது பொறக்கும்.”

எதிர்ப் பலகையில் இருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவேளை மாற்றிக்கொள்வார்களோ என்று உள்ளுக்குள் ஒரு கோழை யோசித்தான்.

தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சென்னைத் தமிழ்ப் பெண். பொறுமைசாலி. சான்றிதழைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வங்கியில் என் காகிதங்களை ஓரமாக எடுத்து வைப்பதற்கு முன் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“சார், ஆடியில கல்யாணம் ஆயிருக்கு. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு கல்யாணத்துக்குப் பத்திரிகை இருக்கு. எதைப் பதிவு பண்ண வந்திருக்கீங்க?”

“ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம். ஒரே சரக்கு ரெண்டு தவணையாப் போகுமே, பார்ட் ஷிப்மென்ட், அப்படின்னு வச்சுக்கங்களேன்,” என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். பயந்தால் என் வாய்க்கு வேறு பாஷை வராது.

அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். “அது கணக்குல இல்லீங்க அம்மணி. ஆவணியில நடந்ததுதான் கல்யாணம்.”

“சர்டிபிகேட்ல சாட்சின்னு கையெழுத்து இருக்கே, அது நீங்கதானே?”

“நான்தானுங்க.”

“அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?”

“கையெழுத்துப் போட்டனுங்க. கல்யாணம்னு நெனச்சுப் போடலீங்க.”

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். சாட்சியே அன்றைக்குக் கல்யாணம் இல்லை என்று சொல்கிறபோது என்னால் இதை வாங்க முடியாது என்றார். சான்றிதழில் உள்ள நாளில்தான் கல்யாணம் நடந்தது, பின்னால் நடந்தது கோயில் சடங்கு என்று சாட்சி எழுதித் தர வேண்டும். முடியாதென்றால் வேறொரு சாட்சியோடு வேறொரு நாள் வாருங்கள். அப்படி வர அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். சொன்னார். அது விசா முடிந்த பிறகு வருகிற நாள்.

“எழுதிக் குடுங்கண்ணா,” என்றேன்.

“ஆடின்னு என் கையால எழுத மாட்டேன்.”

எனக்குள் ஏதோ அறுந்தது. அந்தக் குளிரூட்டிய அறையில், அந்நிய நாட்டுக் கொடிக்குக் கீழே நின்று கத்தினேன். “உங்க ஆடிக்காக காச்சல்ல கெடந்தவளத் தனியா உட்டுட்டு வந்தேன். உங்க ஆடிக்காக என் பொண்டாட்டியப் பாக்கத் திருட்டுத்தனமாப் போனேன். இப்ப உங்க ஆடிக்காக அவளக் கப்பலேத்தி உடட்டுமா?” காவலாளி எழுந்து வந்தார். என் குரல் கடைசியில் கீச்சென்று போய்விட்டது என்று மனைவி பிறகு சொன்னாள். வீரம் காட்டும்போதுகூட எனக்கு இப்படித்தான்.

அவள் என் தோளைத் தட்டி உட்கார வைத்தாள். அண்ணன் முன்னால் போய் நின்றாள். சட்டைத் தையலைப் பார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

“மாமா, ஆடியில நான் எங்க இருந்தனுங்க?”

“ரூம்லதான் கண்ணு.”

“இவரு எங்க இருந்தாருங்க?”

“நம்ம ஊட்டுல.”

“ஏனுங்க மாமா ரெண்டு பேரும் தனித்தனியா இருந்தோம்?”

“ஆடியில புதுசாக் கட்டுனவங்க ஒண்ணா இருக்கப்படாது. அது வழக்கம்.”

“ஆமாங்க. புதுசாக் கட்டுனவங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதானுங்களே பிரிச்சு வச்சீங்க? கல்யாணம் ஆவலீன்னா யாரப் பிரிச்சீங்க மாமா?”

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் குனிந்து எதையோ தேடினார். தேட அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த கொடியைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு மரியாதையாக.

“பேனாவக் குடுங்க அம்மணி,” என்றார். எழுதும்போது நிமிர்ந்து, “இந்தத் தாளு எங்க ஊருப் பக்கம் வருங்களா?” என்று கேட்டார். வராது என்றார் அந்தப் பெண்.

வெளியே வரும் முன் நான் அந்தப் பெண்ணிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். பதிவு ஆகாமல் போயிருந்தால் எங்கள் கல்யாணம் ரத்தாகியிருக்குமா? அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “இல்ல சார். இங்க நடந்த கல்யாணத்தை அவங்க நாட்டுல குறிச்சுக்கறாங்க, அவ்வளவுதான். யாரும் ரத்து பண்ண மாட்டாங்க.”

அண்ணன் தனியாக வேறு ரயிலில் ஊர் திரும்பினார். சொந்தக்காரர்களிடம் இன்னும் ஆவணி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பாஸ்போர்ட் வந்தது. விசாவை நீட்டித்தார்கள். அவள் நாட்டில் எங்கள் கல்யாணம் பதிவாகியிருப்பது ஆடி மாதத் தேதியில்தான்.