தட்டிப் பார்த்த மேனேஜர்

எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார் அவர். என் மேசை, என் மானிட்டர், ஒருமுறை என் டிபன் டப்பா. அமெரிக்காவில், பார்சிப்பனி ஆபீஸில் எனக்கு மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். கசங்காத சட்டை, சிரிக்காத கண்.

2002இல் டீம் அவுட்டிங் என்று எங்களைப் பாட்டர்சன் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். அந்தக் காலத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டிய குட்டி நீர்மூழ்கி அங்கே இருந்தது. வெள்ளோட்டம் முடிந்ததும் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு, கூட்டை ஆற்றிலேயே மூழ்கடித்துவிட்டாராம். பல வருடம் கழித்துச் சேற்றிலிருந்து அதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

தொடக்கூடாது என்ற போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று அதைத் தட்டினார் மேனேஜர்.

"பாருங்க, வேணுங்கறத எடுத்துட்டு மிச்சத்தத் தண்ணிக்குள்ள தள்ளிட்டாரு. கெட்டிக்காரருங்க அந்த வாத்தியார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆனா சார், மியூசியத்துல வச்சிருக்கறது அவர் தள்ளிவிட்டதைத்தானே?"

முறைத்தார். "நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர சீக்கிரம் முடிங்க."

எங்கள் வேலையையெல்லாம் சென்னை டீமுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்த அன்றே எங்களை லே-ஆஃப் பண்ணினார். வாசல்வரை வந்தவர், விரல் முட்டியால் என் தோளில் தட்டினார்.

ஆறுதலுக்குத் தட்டினாரா, உள்ளே இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.