இருபத்து நாலு தட்டு

கண்ணாடிக்கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை என்பதால் நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயரும் லென்ஸ்தான். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்களுக்குத்தான் தீராத கவலை. கல்யாணம் ஆகாதவன் வீட்டிலும் அடுப்பு எரியும், அதில் டீயைத் தவிர மற்றதும் கொதிக்கும் என்பது அவர்கள் மண்டையில் ஏறவே ஏறாது.

ஒரே ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஆறு பேர். வருஷக் கடைசி விடுமுறையில் ஒரு நாள் மதியம், யாராவது ஒருவர் வீட்டில் குடும்பத்தோடு கூடுவார்கள். ஆளுக்கொரு ஐட்டம் சமைத்துக் கொண்டுவர வேண்டும். வீடு முறை வைத்துச் சுற்றும். ஆறு பேருக்கு ஐந்து வீடுதான் சுற்றியது. ஆறாவதாக ஒரு வீடு இருக்கிறதே என்று பதினோரு வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "உனக்கு எதுக்குடா வீண் சிரமம்" என்று சொல்லி முறையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அவன் தலையில் கட்டும் வேலையும் அதே ரகம்தான். காகிதத் தட்டு, காகித டம்ளர், கை துடைக்கக் காகிதம். "கடைக்குப் போனோமா வாங்கினோமான்னு முடிஞ்சிரும். உனக்கு ஈஸி" என்பார் மாஸ்டர். ஹாஸ்டலில் ஒரு வருஷம் சீனியர், கூட்டத்துக்குத் தலைவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவனை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லிச் சொல்லி, காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் லென்ஸ் கொஞ்சம் பெரிய வீட்டுக்குக் குடிபோனான். மூன்றாவது மாடி, விசாலமான கூடம், மாஸ்டர் வீட்டிலிருந்து இரண்டே தெரு. குடிபோன வாரத்திலேயே பாத்திரக்கடைக்குப் போய்ப் பீங்கான் தட்டு வாங்கினான். குழந்தை குட்டிகளோடு தலையை எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று. ஒன்று உடைந்தாலும் உடையட்டும் என்று இருபத்து நாலாக வாங்கினான். இந்த வருஷம் எப்படியும் நம் வீடுதான் என்று நம்பினான். அந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் கேட்கவில்லை. நாமாக வாயைத் திறந்து கூப்பிடுவதா என்று அவனுக்கும் ஒரு வீம்பு. பெட்டி பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் போனது. வீடு கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும், அவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

இந்த வருஷம் வாயைத் திறந்தே தீருவது என்று முடிவு செய்தான். வீட்டைப் பற்றிப் பேச அப்போதும் நாக்கு எழவில்லை. சமையலாவது செய்து காட்டுவோம், தானாகப் புரியட்டும் என்று நினைத்தான். மனைவிமாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "தட்டு இந்த வருஷம் வேற யாராவது பாத்துக்கோங்க. நான் உருளைக்கிழங்கு பண்ணி எடுத்துட்டு வரேன்."

ஒன்பது கட்டைவிரல்கள் வந்தன. மாஸ்டர் மட்டும், "எதுவா இருந்தாலும் சிம்பிளா பண்ணுடா. வெள்ளரிக்காய வெட்டி எலுமிச்சம்பழம் புழிஞ்சாகூட போதும்" என்று சேர்த்திருந்தார். லென்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளரிக்காயாம்!

செல்போனில் ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தான். 'விருந்துக்குப் பத்தே நிமிடத்தில் சுலபமான சைடு டிஷ்.' அந்த அம்மாள் பத்து நிமிடத்தில் முடித்தது உண்மைதான். தோல் சீவி, கழுவி, நறுக்கி யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். இவனுக்கு நாலு கிலோவுக்குத் தோல் சீவவே ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் நறுக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இம்மி பிசகினால் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது, அப்படிப் பழகிய கை. எல்லா வில்லையும் ஒரே கனம். ட்ரேயில் அடுக்கி, நசுக்கிய பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய பாலையும் கிரீமையும் ஊற்றி, மேலே சீஸைத் துருவித் தூவி ஓவனில் வைத்தான். இருந்தது சின்ன ஓவன். ஒரு ட்ரே வெந்த பிறகுதான் அடுத்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தவன் பன்னிரண்டரைக்கு நிமிர்ந்தான். மேலே பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வந்திருந்தது. அவனுக்கே எச்சில் ஊறியது.

இரண்டு ட்ரேயையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இந்த வருஷ முறையான மாஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். மேஜை நிறையப் பாத்திரம். யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. கைக்குப் பின்னால் எதையோ தேடினார்கள்.

"தட்டு எங்கடா?" என்றார் மாஸ்டர்.

"நான்தான் கொண்டு வரலன்னு சொன்னேனே. எல்லாரும் கட்டைவிரல் போட்டீங்களே!"

"நீ மெசேஜ் போட்டா தட்டு வருதுன்னுதானே அர்த்தம்? பதினோரு வருஷமா அதானே நடக்குது!"

அதாவது, தட்டைப் பற்றிய முதல் வரியை ஒருவர்கூடப் படிக்கவில்லை; மாஸ்டர்கூடச் சமையல் வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஆறு பேரில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவன் மட்டும் படித்திருந்தான். அவன், மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டானாம். மாஸ்டர் வீட்டில் இருந்தது எட்டுத் தட்டு. குழந்தைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன.

"ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வந்துருடா. உனக்குத்தான் எங்க கிடைக்கும்னு தெரியும்."

லென்ஸுக்கு வந்த ஆத்திரத்தில் ட்ரேயோடு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. இத்தனை பேர் இருக்க, இவன்தான் ஓட வேண்டும். ஓடினான். விடுமுறை நாள், தெருவில் ஒரு கடை திறந்திருந்தால்தானே? நாலு ஷட்டரைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதை இதற்காகவா பிரிப்பது? தன் வீட்டுக் கூடத்தில் பரிமாற வாங்கிய தட்டு அது. ஆனால் அங்கே பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பெட்டியை இழுத்தான். மூன்று மாடி இறங்கி இரண்டு தெரு நடப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது.

மாஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு ட்ரேயும் வழித்துத் துடைத்த மாதிரி காலி. தட்டு இல்லாவிட்டால் என்ன என்று ஆளுக்கொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் குழந்தைகள் வித்தியாசமில்லாமல் உருளைக்கிழங்கில் இறங்கியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரன் மூலையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பிரமாதம்டா லென்ஸ்! எந்தக் கடையில வாங்குன?"

ஐந்தரை மணி நேரம் நின்ற கால் வலித்தது. "என் வீட்டுல" என்றான். ஏதோ ஜோக் என்று சிரித்தார்கள். தன் சமையலில் ஒரு வாய்கூட அவனுக்கு மிஞ்சவில்லை.

சாப்பாடு முடிந்தது. கடைசியில் மாஸ்டர் கை தவறி ஒரு தட்டைப் போட்டு உடைத்தார். அண்ணி, அதாவது மாஸ்டரின் மனைவி, மற்றதையெல்லாம் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் கடைக்காரன் ஒட்டிய தேதிச் சீட்டு அவள் கண்ணில் பட்டது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதா? டேப்கூட இன்னைக்குத்தான் பிரிச்சிருக்கு. தனி ஆளுக்கு இருபத்து நாலு தட்டு எதுக்குப்பா?"

வேறு நாளாக இருந்தால் சும்மா என்று சொல்லிச் சமாளித்திருப்பான். இன்றைக்கு முடியவில்லை.

"எங்க வீட்டு முறை வரும்னு வாங்கினேன் அண்ணி. வருஷா வருஷம் எல்லாருமாச் சேர்ந்து தாண்டிப் போயிடுறீங்க."

அண்ணி கையில் இருந்த தட்டைத் திரும்பவும் ஒரு முறை துடைத்தாள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானேடா."

"நீங்க யாராவது கேட்டீங்களா? உங்கள்ல யாராவது உங்க வீட்டு முறையக் கேட்டு வாங்குனீங்களா?"

சரி, அடுத்த வருஷம் என்று மாஸ்டர் ஏதோ ஆரம்பித்தார். லென்ஸ் விடவில்லை.

"அடுத்த வருஷம் நான் தட்டு தூக்கிட்டு எங்கேயும் வரமாட்டேன். தட்டு இருக்கிற எடத்துக்கு நீங்க வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். மாஸ்டர் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு தெருவும் லென்ஸ் போன வழியிலேயே வந்தார். வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு என்றுகூடச் சொல்லவில்லை. கட்டடத்து வாசலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனாவது மாடிடா?"

இரண்டே தெரு. நாலு வருஷம். லென்ஸ் முதல் படியில் கால் வைத்தான்.

"மூணாவது. லிஃப்ட் கிடையாது" என்றான்.