பேட்டரிக்கு டிபன் பாக்ஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகும் பேருந்தில் நடந்தது இது.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய என் கணவர், தம்பியைச் சேர்த்துக்கொண்டு வீடுகளுக்குக் கிச்சன் அலமாரி அமைக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தார். அளவு எடுப்பது என் வேலை. டிரில்லிங் மெஷின், ஸ்குரூ முடுக்கும் மெஷின் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை. அந்தப் பேட்டரிகளுக்கு வீட்டில் நான்தான் அதிகாரி. கல்யாணத்துக்கு முன் செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தவள் நான். ஊதிப்போன பேட்டரி ஒன்று மேசையிலேயே சீறிப் பற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவளுக்குப் பயம் போகுமா?

அதனால் என் சட்டங்கள் கறாரானவை. சார்ஜ் போடுவது வெறும் சிமென்ட் தரையில்தான். கட்டிலில், துணி மேல் கூடாது. வேலை முடிந்து சூடாக வந்த பேட்டரி ஆறிய பிறகுதான் சார்ஜரில் ஏறும். வீட்டில் ஆள் இல்லாதபோது சுவிட்சைப் போடக் கூடாது. வெளியே கொண்டுபோகும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுவதுபோல மூடி போட்டு அடுக்கித் தருவேன். கொழுந்தன் சும்மா இருப்பாரா? "அண்ணி, பேட்டரிக்குத் தொட்டுக்க என்ன வச்சீங்க?" என்று தினமும் கிண்டல்தான். கணவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன், டப்பாவை மட்டும் விடமாட்டேன்.

ஆயுத பூஜையன்று மெஷின்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பேட்டரிகளுக்கு மட்டும் பொட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஈரச் சந்தனம் உள்ளே போனால் வம்பு. கொழுந்தனுக்கு மனசு கேட்கவில்லை. சோறு போடுகிற பொருளைச் சாமியிடம் வைக்காமல் இருப்பதா? நான் இன்னும் டப்பா ஒதுக்காத புதுப் பேட்டரி ஒன்றுக்கு எனக்குத் தெரியாமல் பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். மறுநாள் விஜயதசமிக்கு முதல் வேலையை அதில்தான் தொடங்க வேண்டும் என்று அதைத் தன் பையிலும் போட்டுக்கொண்டார். அந்தப் பைக்குள் ஸ்குரூக்கள் சும்மா கொட்டிக் கிடந்தன. இரும்பு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சேர்ந்து பட்டால் போதும், அது கொதித்துப் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கட்டுமாவடியில் ஒரு புது வீட்டு வேலைக்காக மூன்று பேரும் கிளம்பினோம். பேருந்தில் நல்ல கூட்டம். நாகுடி தாண்டியதும் ஒரு நெடி வந்தது. கொஞ்சம் இனிப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. முன் சீட்டுப் பெண், யாரோ நெயில் பாலிஷைக் கொட்டிவிட்டதாகச் சொன்னார்.  சர்வீஸ் கடையில் அன்று வந்த அதே நெடி! மடியிலிருந்த என் டப்பாக்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. சீட்டுக்கு அடியில் கிடந்த கொழுந்தனின் பையைத் தொட்டேன். கொதித்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"இங்கிட்டு ஸ்டாப் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"ஸ்டாப் வேணாம்ணே! பை தீப்பிடிக்கப் போகுது, நிறுத்துங்க!"

என் குரலில் என்ன இருந்ததோ, டிரைவர் அப்படியே ஓரம்கட்டிவிட்டார். கொழுந்தன் பதறிப்போய் பையின் ஜிப்பைத் திறக்கக் குனிந்தார். திறக்காதீங்க என்று அதட்டி அவரைத் தள்ளிவிட்டேன். பையின் வாரைக் கையிலிருந்த என் குடையின் வளைந்த பிடியில் மாட்டி, உடம்பில் படாமல் எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.  ரோட்டோரம் புல்கூட இல்லாத பொட்டலில் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் புஸ்ஸென்று புகை கிளம்பியது, உடனே நெருப்பு. பேருந்துக்குள் எத்தனை குழந்தைகள்! இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அது எரிந்து அடங்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லை நான். பிறகுதான் அடுத்த சிக்கல். எங்களிடம் இன்னும் பேட்டரிகள் இருப்பது தெரிந்ததும், இவர்களை ஏற்றாதே என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அவர்கள் பயம் நியாயம்தானே? கண்டக்டரிடம் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். ஒன்றோடொன்று உரசாது, ஆணியோ சாவியோ முனைகளில் படாது, அடிபட்ட பேட்டரி எதுவும் இதில் இல்லை என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க ஏறுங்கம்மா. டப்பாவெல்லாம் ஒங்க மடியிலயே இருக்கட்டும். தம்பி கையில எதையும் குடுத்துராதீங்க" என்றார். பேருந்தே சிரித்தது.

சீட்டில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் என் கணவர், "எங்க வீட்டுல பேட்டரிக்கே டிபன் பாக்ஸ் கட்டிக் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் கேலியாகச் சொன்ன அதே பேச்சுதான். அன்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை ஏன் மறைக்க வேண்டும்?

பொட்டு வைத்த பேட்டரியைப் பையில் போட்டதைக் கொழுந்தன் அன்று வேலை முடிந்ததும் தானாகவே சொன்னார். அடுத்த ஆயுத பூஜைக்கு நான் அடுப்படியிலிருந்து சுண்டலோடு வந்து பார்க்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் என் டிபன் பாக்ஸ்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே பேட்டரி இல்லை. ஒவ்வொரு மூடி மேலும் சந்தனம், குங்குமம். "சரிதானே அண்ணி?" என்றார். மெஷின்களுக்குக் காட்டிய கற்பூரத்தை அந்தக் காலி டப்பாக்களுக்கும் காட்டினார்.

நடந்துவிட்ட ஆபத்தைப் பற்றித்தான் ஊர் பேசும், நடக்காமல் தடுத்ததை யாரும் கவனிப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை இருந்தது. மூடிகளில் மஞ்சளாக ஒட்டிக்கிடக்கும் அந்தச் சந்தனக் கறையை நான் இன்றுவரை தேய்த்துக் கழுவவில்லை.