வெந்நீர்ப் பச்சைக்கு ஆயுத பூஜை

உயிருள்ள எதையாவது வளர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, எங்கே போனாலும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த நினைப்புதான். மீன்தொட்டிக்காரர்களே, புறா வளர்ப்பவர்களே, உங்களுக்குப் புரியும். நான் வளர்ப்பது பாக்டீரியா. இமயமலைப் பக்கத்து வெந்நீர் ஊற்றில், பாறைமேல் பச்சையாகப் படிந்திருந்தது. சுடுநீரில் இருந்துகொண்டு வெளிச்சத்தைச் சாப்பிடும் ரகம். இப்போது செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில், சூடும் விளக்கும் உள்ள பெட்டிக்குள் நான்கு குடுவைகளில் இருக்கிறது. அது செத்தால் என் முனைவர் பட்டமும் போச்சு. மறுபடி போய் எடுத்துவர வழியில்லை.

முதல் விசாரணை

பெட்டி வந்த அன்று ஆய்வக உதவியாளர் கன்னியப்பன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கீரை வெந்துபோகும் சூட்டில் இது ஜம்மென்று வளரும் என்று பெருமையாக விளக்கினேன். அவர் சட்டைக் காலரைத் தூக்கி உள்ளே ஊதிக்கொண்டார்.

"மே மாசம் நாங்களும் அப்டித்தான் கீறோம் மேடம், எங்கள யாரு ஆராய்ச்சி பண்றாங்க?"

மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிறு

கணவரோடு கடற்கரையில் உட்கார்ந்து பஜ்ஜியைப் பிட்டபோது, செங்கல்பட்டில் கரண்ட் இல்லை என்று போனில் செய்தி வந்தது. கல்லூரி ஜெனரேட்டர் தானாக ஓடும். ஆனால் ஓடியதா? வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவர் வண்டியைக் கிளப்பினார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பறந்துபோய்ப் பார்த்தால், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி சொகுசாக இருந்தது. கணவர் காலில் ஒட்டிய மணலை ஆய்வக வாசலிலேயே உதறினார்.

"எனக்கு ஜுரம் அடிச்சப்போ மாத்திரைய வச்சிட்டு லேபுக்கு ட்ரெயின் பிடிக்க ஓடின, இதுக்குச் சூடு குறையுமோன்னு கடலையே விட்டுட்டு ஓடி வர்ற."

பூ வைத்த பெட்டி

அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் ஆயுத பூஜை விடுமுறை முழுக்க ஊரப்பாக்கம் வீட்டை விட்டு நகரவில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தால், பெட்டி பளபளவென்று துடைக்கப்பட்டு, சந்தனம், குங்குமம், சாமந்திச் சரத்தோடு இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. உள்ளே நான்கு குடுவைகளும் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்திருந்தன. வாய்க்கு வந்தபடி கத்தினேன். கன்னியப்பன் முகம் செத்துப்போயிற்று.

"லாரி, லேத்து எல்லாத்துக்கும் அன்னிக்கி ரெஸ்ட்டு குடுக்கறோம், இது மட்டும் வருஷம் பூரா எரிஞ்சிகினு கீதேன்னு பாவமா இருந்திச்சி மேடம்."

பச்சையா?

பெட்டியை மறுபடி ஓடவிட்டுக் காத்திருந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றியது. கன்னியப்பன் பெருக்கிய இடத்தையே பெருக்கும் சாக்கில் வந்து பார்த்தார். கணவர் ஆபீசிலிருந்து போன் செய்து "பச்சையா?" என்று மட்டும் கேட்பார். மூன்று குடுவைகள் போயே போய்விட்டன. நான்காவதின் அடியில் ஒரு காலை, நகக்கண் அளவுக்குப் பச்சை. நான் போட்ட சத்தத்தில் கன்னியப்பன் துடைப்பத்தோடு ஓடிவந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடிமேல் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் துடைத்துவிட்டு, உள்ளே நன்றாகப் பார்த்தார்.

"அடுத்த வருசம் பொட்டு மட்டுந்தான் மேடம், சுச்சு பக்கம் கையே போவாது."

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜைக்கு அந்தப் பச்சை ஒருமுறை ஓய்வெடுத்தது, அன்றிலிருந்து அதற்காக ஓய்வில்லாமல் அலைகிறவர்கள் மூன்று பேர்.